செகண்ட் முள் இருக்கிற வாட்ச்

திங்கட்கிழமை புது பேட்ச் ஆரம்பிக்கிறது. இன்று மதியம் சாப்பிட்டுவிட்டு, போன பேட்ச் பிள்ளைகள் முதல் நாள் எழுதிக் கொடுத்த தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் நாள் நான் பாடம் எடுப்பதில்லை. ஆளுக்கு ஒரு வெள்ளைத் தாள் கொடுத்து, "எதுக்கு வந்தீங்க, இங்க என்ன கிடைக்கும்னு நெனைக்கிறீங்க, எழுதுங்க. பேர் போட வேண்டாம்" என்பேன். அந்தத் தாள்களை நான் தூக்கிப் போட்டதே இல்லை. ஒரு பழைய சேலைப் பெட்டியில் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

ஆம்புலன்ஸில் நோயாளியோடு பின்னால் உட்கார்ந்து வருகிறாரே, மருத்துவ உதவியாளர், இ.எம்.டி. என்று சொல்வார்கள். அந்த வேலைக்கான ஆரம்ப நிலைப் பயிற்சிதான் நான் கொடுப்பது. வருகிறவர்கள் பலதரப்பட்டவர்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள், நர்சிங் டிப்ளமோ படித்தவர்கள், விலங்கியலோ தாவரவியலோ பி.எஸ்சி. முடித்துவிட்டு இரண்டு வருடமாக வேலை தேடி அலுத்தவர்கள். பாதிப் பேருக்கு மேல் தாளில் எழுதுவது ஒரே வரி: "உயிரைக் காப்பாற்ற வேண்டும்." சிலர் உள்ளதை உள்ளபடி, "சீக்கிரம் வேலை கிடைக்கும் என்று மாமா சொன்னார்" என்று எழுதுவார்கள். எனக்கு அதிலும் குறையில்லை. ஒரு பெண் எழுதியிருந்தாள்: "அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தப்ப வந்த ஆம்புலன்ஸ் அக்கா, எங்கம்மா கையப் பிடிச்சுக்கிட்டே பேசிட்டு வந்தாங்க. அந்த மாதிரி ஆகணும்." இன்னொரு தாளில், "ரத்தம் பார்த்தால் எனக்கு மயக்கம் வரும். அதை மாற்றிவிடுவீர்களா?"

வாங்கி வைத்துவிட்டு என் பங்குக்கு நானும் ஒன்று கேட்பேன். நாளைக்கு வரும்போது செகண்ட் முள் இருக்கிற வாட்ச் ஒன்று கட்டிக்கொண்டு வாருங்கள். விலை கூடியது தேவையில்லை. வீட்டில் தாத்தா கட்டிய பழையது கிடந்தால் பேட்டரி போட்டுக் கொண்டுவாருங்கள். உடனே ஒருவன் செல்போனைத் தூக்கிக் காட்டுவான். க்ளவுஸ் மாட்டிய கையில் வாந்தியும் ரத்தமும் ஒட்டியிருக்கும்போது போனை எடுத்து அன்லாக் பண்ணிக்கொண்டிருக்க முடியாது என்பேன். அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் வாட்ச் கேட்பதற்கு என் சொந்தக் காரணம் வேறு. அதைச் சொல்ல முதலில் வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் வந்தது 2008 செப்டம்பர் 15-ஆம் தேதி. அதற்கு மூன்று வருடம் முன்பு, 2005 ஆகஸ்ட் 15 அன்று ஹைதராபாத்தில் அந்த எண் முதலில் ஒலித்தது. அதற்கு முன் நம் ஊர்ப்பக்கம் அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது வாடகைக் காரும் மினி லாரியும் மாட்டுவண்டியும்தான். இன்றைக்கு வண்டி வந்துவிடுகிறது. ஆனால் சாதாரண வண்டியில் வருவது இரண்டே பேர் என்பது பிள்ளைகள் பலருக்கு இங்கே வந்த பிறகுதான் தெரிகிறது. முன்னால் பைலட், ஓட்டுநரை அப்படித்தான் கூப்பிடுவோம். பின்னால் நீங்கள். கதவைச் சாத்தியதும் அந்தச் சின்ன அறைக்குள் மருத்துவம் தெரிந்த ஆள் நீங்கள் ஒருவர் மட்டும். கட்டுப்பாட்டு மையத்து டாக்டரிடம் போனில் கேட்கலாம், அவரும் வழி சொல்வார். ஆனால் அவருக்குக் கண் நீங்கள்தான். நீங்கள் என்ன எண் சொல்கிறீர்களோ அதை வைத்துத்தான் அவர் யோசிப்பார்.

அந்த எண்களில் ஒன்று மூச்சு. ஒரு நிமிடத்துக்கு எத்தனை. நல்லபடியாக இருக்கும் பெரியவருக்கு 12-லிருந்து 20 வரை. பி.பி.யை மெஷின் சொல்லிவிடும். நாடித்துடிப்பையும், சாச்சுரேஷன் என்கிற ரத்தத்தின் ஆக்சிஜன் அளவையும் விரலில் மாட்டுகிற கிளிப் காட்டிவிடும். மூச்சை மட்டும் மனிதர்தான் நெஞ்சைப் பார்த்து, வாட்சைப் பார்த்து எண்ண வேண்டும். அதனாலேயே அதை யாரும் எண்ணுவதில்லை. எந்த ஊர் கேஷுவால்டியானாலும் கேஸ் ஷீட்டுகளைப் புரட்டிப் பாருங்கள். மூச்சுக்கான கட்டத்தில் 18 இருக்கும், இல்லாவிட்டால் 20. காய்ச்சல்காரருக்கும் 18, கால் முறிந்தவருக்கும் 18, மூச்சு வாங்கிக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும் 20.

நானும் ஒருமுறை 18 எழுதினேன்.

வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்த சமயம். சித்திரை மாதம், விடியற்காலை ஐந்து மணி இருக்கும். வயிற்றுவலி, வாந்தி என்று அழைப்பு. போனால் பதினேழு வயதுப் பையன். புழுக்கத்துக்காகத் திண்ணையில் பாய் விரித்துப் படுத்திருக்கிறான். ராத்திரி சாப்பிட்ட பரோட்டா சேரவில்லை என்றார் அவன் அம்மா. நானும் அதையே பிடித்துக்கொண்டேன். ஆக்சிஜன் மாஸ்க் போட்டேன், கிளிப் 97 காட்டியது, மனசு ஆறிவிட்டது. "அக்கா, கண்ணத் தொறக்க முடியல" என்றான். தூக்கம் கெட்டிருக்கும், அசதி என்று நினைத்தேன். வழியில் அவன் பேச்சு குழறியது. அதையும் அசதியின் கணக்கில் எழுதிக்கொண்டேன். வண்டி குலுங்கிக்கொண்டே போக, கட்டங்களை வரிசையாக நிரப்பினேன். மூச்சு, 18.

கேஷுவால்டியில் வயதான ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர் இருந்தார். என் தாளை வாங்கிப் பார்த்தார். பையனைப் பார்த்தார். அவன் வயிற்றின் மேல் கையை வைத்தபடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அரை நிமிடம். பிறகு அடுத்த அரை நிமிடமும். எட்டுதான் இருந்தது. டாக்டரைக் கூப்பிட்டுக்கொண்டே என் பக்கம் திரும்பி, "ஏம்மா, நீ எண்ணுனியா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

கட்டுவிரியன் கடி அது. ராத்திரியில் தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். பெரும்பாலும் வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல் பட்ட தடம்கூடக் கண்ணுக்குத் தெரியாமல் போகும். விடியும்போது வயிற்றுவலி வரும், இமை தொங்கும், நாக்கு குழறும், கடைசியில் மூச்சு விடுகிற தசைகளே சோர்ந்துவிடும். ஆக்சிஜன் மாஸ்க் மாட்டியிருந்தால் மூச்சு குறைந்துகொண்டே போனாலும் கிளிப்பில் எண் கொஞ்ச நேரத்துக்கு நன்றாகவே காட்டும். இதெல்லாம் எனக்குப் பாடத்தில் வந்திருந்தது. பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன். அந்த அறுபது நொடி வாட்சைப் பார்த்திருந்தால் பாதி வழியிலேயே டாக்டருக்குப் போன் போட்டிருப்பேன், பைலட் அண்ணனை இன்னும் விரட்டியிருப்பேன், கையால் அமுக்கி மூச்சு கொடுக்கிற ஆம்பு பேக்கை எடுத்து வைத்திருப்பேன். பையனுக்குக் குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைத்தார்கள். விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். ஒன்பதாம் நாள் வீட்டுக்கு நடந்து போனான். பிழைத்துவிட்டான் என்பதால் அந்தத் தாளில் நான் எழுதிய 18 சரியாகிவிடாது. பதின்மூன்று வருடம் ஆகிறது. அந்த நர்ஸம்மா குரல் இன்னும் எனக்குக் கேட்கிறது.

அதனால்தான் வாட்ச். இரண்டாம் நாள் காலையில் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்கார வைத்து, ஒரு முழு நிமிடம் எதிரில் இருப்பவர் மூச்சை எண்ணச் சொல்வேன். பார்க்கிறோம் என்று தெரிந்தால் மூச்சு மாறிவிடும். அதனால் நாடி பிடிக்கிற மாதிரி கையைப் பிடித்துக்கொண்டே நெஞ்சைப் பார்க்கணும் என்று சொல்லித் தருவேன். முதல் தடவை ஒரு நிமிடம் ஒரு யுகமாகத் தெரியும். சிரிப்பு வரும், எண்ணிக்கை தப்பும். மூன்றாம் நாள் சிரிப்பு நின்றுவிடும். இரண்டாம் வாரம் டீக்கடையில் பக்கத்தில் நிற்கிறவர் மூச்சைக்கூட எண்ணிக்கொண்டிருப்பதாகப் பிள்ளைகள் சொல்வார்கள். எனக்கு அது போதும்.

மற்றதெல்லாம் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நகம் வெட்டியிருக்க வேண்டும். ஷூ போட வேண்டும், செருப்பு ஆகாது. நேரத்துக்கு வர வேண்டும். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முடித்தவர் நீங்கள் வந்தால்தான் வீட்டுக்குப் போக முடியும். வீட்டில் அவர் பிள்ளை காத்துக்கொண்டிருக்கும். தூக்கவும் பழக வேண்டும். வகுப்பிலேயே கனமான பையன் யாரோ அவனைப் படுக்கப் போட்டு, பெண்கள் உட்பட எல்லாரும் ஸ்பைன் போர்டில் மாடிப்படி இறக்கிக் காட்ட வேண்டும். முதுகை வளைக்காமல் முட்டியை மடக்கித் தூக்குவது தெரியாமல் இந்த வேலைக்குப் போனால் முப்பது வயதில் இடுப்பு போய்விடும்.

பொம்மையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சி.பி.ஆர். பழகும் பொம்மைக்கு ஆனி என்று பெயர். நார்வேயில் பொம்மை செய்துகொண்டிருந்த ஆஸ்மண்ட் லேர்டல் என்பவர் 1960-இல் செய்தது. பாரிஸில் சீன் ஆற்றில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்படும், பெயர் தெரியாத ஓர் இளம்பெண்ணின் முகத்தை வார்த்தெடுத்து வைத்திருந்தார்கள். அந்த முகத்தைத்தான் அவர் பொம்மைக்கு வைத்தார். இதைச் சொன்னதும் வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாகிவிடும். அதற்குப் பிறகு யாரும் பொம்மையை அலட்சியமாகப் போட்டு அமுக்குவதில்லை. நிமிடத்துக்கு 100-லிருந்து 120 அமுக்கல், 5 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழம், ஒவ்வோர் அமுக்கலுக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக எழும்ப விட வேண்டும். இரண்டு நிமிடத்தில் கை தளர்ந்துவிடும், ஆள் மாற வேண்டும். சினிமாவில் நாலு அமுக்கில் எழுந்து உட்காருவதைப் பார்த்துவிட்டு வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்: ரோட்டிலும் வீட்டிலும் இதயம் நின்றுபோனவர்களில் பெரும்பாலோர் திரும்புவதில்லை. நீங்கள் எல்லாம் சரியாகச் செய்தும் திரும்புவதில்லை. "உயிரைக் காப்பாற்ற வேண்டும்" என்று எழுதிய பிள்ளைகளுக்கு இதைக் கேட்டதும் முகம் வாடும். வகுப்பில் வாடினால் நான் பக்கத்தில் இருப்பேன். நடுராத்திரி யாரோ ஒருவர் வீட்டுக் கூடத்தில் முதல்முறையாக அது தெரிய வரக் கூடாது.

"பி.எஸ்சி. முடிச்சிட்டு ஸ்ட்ரெச்சர் தூக்கப் போறியான்னு கேக்குறாங்க மேடம்" என்று ஒவ்வொரு பேட்சிலும் யாராவது கண் கலங்குவார்கள். அவர்களுக்கு நான் பிட்ஸ்பர்க் கதையைச் சொல்வேன். அறுபதுகளில் அமெரிக்காவிலேயே அந்த ஊரில் நோயாளியை ஏற்றிப்போனது போலீஸ் வண்டியும் பிணம் ஏற்றும் வண்டியும்தான். 1967-இல் அங்கே ஃப்ரீடம் ஹவுஸ் என்று ஓர் ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது. சி.பி.ஆர். முறையை வகுத்தவர்களில் முக்கியமானவரான டாக்டர் பீட்டர் சாஃபர், வேலை கிடைக்காமல் இருந்த கறுப்பின இளைஞர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார். எவர்களுக்கு என்ன வரும் என்று ஊர் நினைத்ததோ, அவர்கள்தான் ரோட்டிலும் வீட்டு வாசலிலும் மூச்சுக்குழாய் போட்டுக் காட்டினார்கள். பின்னால் வந்த டாக்டர் நான்சி கரோலின் அந்த அனுபவத்தை வைத்துத்தான் இந்தத் துறைக்கான பாடப் புத்தகத்தை எழுதினார். 1975-இல் அந்தச் சேவையை நகர நிர்வாகம் நிறுத்திவிட்டது, அது பெரிய அநியாயம். ஆனால் இன்று உலகம் முழுக்க நாம் படிக்கிற பாடத்தில் அவர்கள் கைத்தடம் இருக்கிறது.

பையன்கள் தயங்கித் தயங்கிக் கேட்பது ஒன்றுண்டு. "மேடம், லேபர் ரூம் போஸ்டிங் எங்களுக்கும் உண்டா?" உண்டு. நான் வண்டியில் போன வருடங்களில் எங்களுக்கு வந்த அழைப்புகளில் பிரசவம்தான் அதிகம். வலி வந்த பெண்ணுக்கு உங்கள் வண்டி பக்கத்தில் இருந்தால் நீங்கள்தான் போவீர்கள், ஆணா பெண்ணா என்று பார்த்து அனுப்ப முடியாது. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் தலை தெரிந்துவிட்டால் பைலட் வண்டியை ஓரங்கட்டுவார். கூட வந்த மாமியாரோ அம்மாவோ உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் என்ன பேசுவது என்பதையும் நாங்கள் பழக்குகிறோம். "அம்மா, பிள்ளை இப்பவே வரப்போகுது. நான் இதுக்குப் படிச்சிட்டுத்தான் வந்திருக்கேன். நீங்க தலைமாட்டுல உக்காந்து அவங்க கையப் பிடிச்சுக்கங்க." துணியால் மூட வேண்டியதை மூடி, எதைச் செய்வதற்கு முன்னும் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். பிள்ளை வந்ததும் அவசரப்பட்டுத் தொப்புள் கொடியை வெட்ட வேண்டாம். துடைத்து ஈரம் போக்கி, தாயின் நெஞ்சோடு சேர்த்துப் போட்டு மூடுங்கள். கொடிக்கு ஒன்றிலிருந்து மூன்று நிமிடம் பொறுக்கலாம். அழவில்லை என்றால் முதுகைத் தேய்த்துவிடுங்கள், அப்போதும் மூச்சு விடவில்லையானால் ஒரு நிமிடத்துக்குள் சின்ன ஆம்பு பேக் கையில் இருக்க வேண்டும். நஞ்சுக்கொடியை ஒருபோதும் இழுக்கக் கூடாது. போன பேட்சில் லேபர் ரூமுக்குப் போகமாட்டேன் என்று இரண்டு நாள் வகுப்புக்கே வராதவன், அங்கே போய் வந்த அன்று சாயங்காலம் நேராக ஊருக்குப் பஸ் ஏறி அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தான். என்ன பேசினான் என்று நான் கேட்கவில்லை.

பூச்சிமருந்து குடித்தவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், நம் பக்கத்தில் இது அடிக்கடி வரும். வீட்டுக்காரர்கள் பதறிப்போய் உப்புத் தண்ணீரோ சோப்புத் தண்ணீரோ கொடுத்து வாந்தி எடுக்க வைக்கப் பார்ப்பார்கள். அதைத் தடுக்க வேண்டும், ஆனால் அவர்களைக் குற்றவாளியாக்காமல் தடுக்க வேண்டும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் வடிவதை சக்‌ஷன் வைத்து எடுத்து, மருந்து பட்ட துணியைக் கழற்றி, பாட்டிலைக் கையோடு எடுத்துப்போக வேண்டும். இதைப் பிள்ளைகள் ஒரே நாளில் கற்றுக்கொள்வார்கள். அவர்களுக்குக் கஷ்டமாக இருப்பது வாயை அடக்குவது. "ஏன்கா இப்படிப் பண்ணீங்க, பிள்ளைகள நெனச்சுப் பாத்தீங்களா" என்று அக்கறையிலேயே கேட்டுவிடுவார்கள். கேட்காதீர்கள் என்று கெஞ்சுவேன். அந்த வண்டியில் அவருக்குத் தேவை மூச்சும், கூட ஒரு மனிதர் இருக்கிறார் என்கிற நினைப்பும்தான். "நான் இங்கதான் இருக்கேன், என் கையப் பிடிச்சுக்கங்க" என்றால் போதும். நர்சிங் படித்தவர்களைவிட, வீட்டில் யாரையாவது பறிகொடுத்த பிள்ளைகளுக்கு இது சட்டென்று வந்துவிடுகிறது. அதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு கனத்துப்போகும்.

ரத்தம் பார்த்தால் மயக்கம் வரும் என்று எழுதிய பெண்ணைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு நாள் ஆனது. கேஷுவால்டி போஸ்டிங்கில் ஒரு பைக் விபத்துக் கேஸ் வந்ததும் சுவரோடு சாய்ந்தாள். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, "அடுத்த தடவ ரத்தத்தப் பாக்காத. முகத்தப் பாரு, நெஞ்சப் பாரு, மூச்ச எண்ணு. எண்ணி முடிச்சுட்டு எங்கிட்ட சொல்லு" என்றேன். மறுநாள் எண்ணினாள். எண்ணும் வேலை இருந்ததால் விழவில்லை. மயக்கத்துக்கு இது மருந்தா என்று டாக்டர்கள்தான் சொல்ல வேண்டும். அவளுக்கு உதவியது, அதை நான் கண்ணால் பார்த்தேன்.

எழுதுவதைப் பற்றி எத்தனை சொன்னாலும் எனக்கு ஆறாது. விபத்துக் கேஸ் என்றால் உங்கள் தாள் பின்னால் கோர்ட்டுக்குக்கூடப் போகலாம். அடிபட்டவரைக் கொண்டுவந்து சேர்க்கும் பொதுமக்களுக்கு 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்று தனிப் பாதுகாப்பே இருக்கிறது. பெயர்கூடச் சொல்லாமல் போகலாம். உங்களால் அப்படிப் போக முடியாது. எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தீர்கள், என்ன பார்த்தீர்கள், என்ன செய்தீர்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பார்க்கவில்லை என்றால் "பார்க்கவில்லை" என்று எழுதுங்கள். அதற்காக என் வகுப்பில் யாருக்கும் மார்க் குறைந்ததில்லை. எண்ணாமல் 18 எழுதியவனை மட்டும் மறுபடியும் முதலிலிருந்து செய்ய வைப்பேன்.

தாள்களைப் பெட்டியில் வைக்கப் போகும்போது போன பேட்ச் பையன் ஒருவன் வாட்ஸப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தான். விலங்கியல் படித்தவன், இரண்டு மாதமாக வண்டியில் போகிறான். பின்னால் சைரன் சத்தம், நடுவே அவன் குரல். "மேடம், இப்பத்தான் ஒரு பாட்டிய எறக்கிட்டு வர்றோம். சளின்னுதான் சொன்னாங்க. மூச்சு முப்பத்தி நாலு மேடம். நம்பாம ரெண்டு தடவ எண்ணுனேன்."

"என்ன பண்ணே?" என்று கேட்டு அனுப்பினேன்.

"படுக்க வச்சிருந்தாங்க மேடம். நிமித்தி உக்கார வச்சு ஆக்சிஜன் போட்டேன். டாக்டருக்குப் போன் போட்டேன். அவங்க பேரன் என் வாட்ச்சவே பாத்துட்டு வந்தான் மேடம், என்ன எண்ணுறீங்கன்னு கேட்டான். அவனுக்கும் சொல்லிக் குடுத்தேன்."